மழை பெய்தால் ஆடுவோம்

ரப்பர் வெட்டுகிற நாற்பது வயதுப் பொம்பளை வீடியோ கேம் ஆடினாள் என்றால் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எங்கள் லயத்து வீடுகளில் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. கொடகவெலைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருக்கிற தோட்டம் எங்களுடையது. நான் ரப்பர் பக்கம். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரம் முழுக்க வழிந்து வீணாகிவிடும். அதனால் விடியற்காலையில் மழை பெய்தால் எங்களுக்கு வேலை கிடையாது. அந்த ஆட்டத்தை நான் ஆடியது அப்படிப்பட்ட மழை நாள்களில் மட்டும்தான்.

மெஷினைக் கொண்டுவந்தவன் என் தம்பி. கொழும்பில் போன் திருத்தும் கடையில் வேலை செய்தான். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, இனி வேலைக்குப் போக முடியாது என்றானபோது, ஒரு பையில் துணியும் இன்னொரு பையில் அந்தப் பழைய மெஷினுமாக வந்து இறங்கினான். வாரத்தில் இரண்டு நாள் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மற்ற நாள்களில் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஆடுவான். ஆளே பாதியாகிக் கிடக்கிறான், இவனுக்கு விளையாட்டு வேறு கேட்கிறதா என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு மழை நாளில், கை வலிக்கிறது என்று ரிமோட்டை என்னிடம் நீட்டினான். அதற்குப் பெயர் ரிமோட் இல்லையாம். நான் கடைசிவரை ரிமோட் என்றுதான் சொன்னேன். திரையில் ஒரு போர்வீரன், பாழடைந்த ராஜ்ஜியத்தில் தனியாக அலைகிறான். கொம்பு முளைத்ததும் சிறகு முளைத்ததுமாக எதிரிகள். செத்துப்போனால், கடைசியாக விளக்கேற்றிய இடத்தில் மறுபடி எழுந்து நிற்கலாம். எத்தனை முறை செத்தாலும் சரி. அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

தம்பி ஆளுயர வாள் ஒன்றை வைத்துக்கொண்டு ஓங்கி ஓங்கி அடிப்பான். எனக்கு அது சரிப்படவில்லை. போர்வீரனின் பையைத் துழாவி ஒரு சின்ன வளைந்த கத்தியை எடுத்துக்கொண்டேன். ரப்பர் மரத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கத்தி உள்ளே கட்டையில் பட்டால் மரம் கெட்டுவிடும். இருபது வருஷமாகக் கை பழகிய வேலை. ஆட்டத்திலும் அப்படியே சுற்றி வந்து சீவினேன். ஒரு சீவல், ஒரு விலகல், இன்னொரு சீவல். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, அது ராட்சசன். ரப்பர் மரமில்ல."

ஆனால் அவனுடைய வாளுக்கு மூன்று நாளாக விழாத ராட்சசன் அன்று என் கத்திக்கு விழுந்தான். அதற்குப் பிறகு கஷ்டமான சண்டை வந்தால் மழைக்காக எடுத்து வைப்பான்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அவன் வாசித்துத் தமிழில் சொல்வான். பாதி அவனுடைய சொந்தச் சரக்கு. அதில் வரும் கிழட்டு ராஜா, சம்பள நாளில் எங்கள் கங்காணி பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசுவார். சூனியக்காரி எம்பிலிப்பிட்டிய பஸ் கண்டக்டரைப்போலச் சிங்களத்தில் திட்டுவாள். அம்மாகூட அடுப்படியிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

எட்டு மாதம் இப்படிப் போனது. கடைசிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றோம். உள்ளே இருப்பவனை, அடுத்த மழைக்கு, இரண்டு பேரும் உட்கார்ந்துதான் அடிப்பது என்று பேச்சு.

அந்த வாரம்தான் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டினார்கள். வெட்டுக்கு மேலே பாவாடை சுற்றியதுபோல இருக்கும், மழைத் தண்ணீர் வெட்டில் படாது. இனி மழையிலும் வேலை உண்டு.

மழை ஒரு வியாழக்கிழமை வந்தது. தகரத்தில் சத்தம் கேட்டதுமே தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான் வாளியை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மழ தானே அக்கா. இன்னிக்கு இருக்க மாட்டியா?"

"பிளாஸ்டிக் கட்டியாச்சுடா, போகணும். ஞாயித்துக்கெழம உக்காந்து அடிப்போம்."

"சரி, போயிட்டு வா. நீ இல்லாம உள்ள போக மாட்டேன்."

தம்பிக்கு முடியவில்லை என்று கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார். நல்ல மனிதர். நான்தான் கேட்கவில்லை. பிளாஸ்டிக் கட்டிய பிறகு வருகிற முதல் மழையிலேயே நின்றுவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று போனேன். நல்ல பெயர் எடுக்கப் போனேன்.

பால் நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றபோது வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்மா கஞ்சி வைக்கப் போன நேரத்தில் அவன் நெஞ்சு நின்றுவிட்டது. என் கைகளில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவக்கூடத் தோன்றவில்லை. அந்தக் கையோடுதான் அவன் முகத்தைத் தொட்டேன்.

கருமாதி முடிந்தது. அவன் படுத்த மெத்தையை எரித்துவிட்டோம், கட்டில் மட்டும் இருக்கிறது. மெஷினையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. முடியாது என்று அவளோடு சண்டை போட்டேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்துகொண்டிருக்கும்போது, அதைப் போட்டுப் பார்த்தேன்.

போர்வீரன் கதவுக்கு முன்னால், விளக்கடியில் நின்றான். அவன் பையில் மருந்துக் குப்பிகள் ஒன்றும் குறையவில்லை, தம்பி சண்டைக்கு உள்ளே போகவே இல்லை. கையில் வாள் இல்லை. என்னுடைய சின்னக் கத்தி இருந்தது. அந்த மழைக்கு முதல் நாள் சாயங்காலம் தம்பி வாளோடுதான் நிறுத்தினான், நான் பார்த்தேன். அப்படியென்றால் அந்த வியாழக்கிழமை, நான் போன பிறகு, வாளைப் பையில் வைத்துவிட்டுக் கத்தியை எடுத்து வைத்திருக்கிறான். கடைசி ஆட்டத்தை எனக்குக் கொடுக்க இருந்தான். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஒரு மழைக்கு அவனோடு வீட்டில் இருந்திருக்கக் கூடாதா, பாவி நான்.

பிறகு கதவுக்குள் போனேன். ஆத்திரத்தில் ஓங்கி ஓங்கி வெட்டினேன். செத்தேன், எழுந்தேன், மறுபடி செத்தேன். மத்தியானத்துக்குப் பிறகுதான் கை அடங்கியது. ஒரு சீவல், ஒரு விலகல். கடைசி ராட்சசன் விழுந்தான்.

"தம்பி, பாருடா" என்று கட்டில் பக்கம் திரும்பிவிட்டேன். மழைக்கு உள்ளே எடுத்துப் போட்ட துணிதான் அங்கே கிடந்தது.

மறுபடி திரையைப் பார்த்தபோது கிழட்டு ராஜா என்னவோ பேசிக்கொண்டிருந்தார். கீழே இங்கிலீஷ் எழுத்து வந்து வந்து போனது. ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி. நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ராஜா கண்ணை மூடினார், சினிமா முடிவில் வருவதுபோலப் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அந்தக் கதை எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாசித்துச் சொல்ல வேண்டியவனை ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கச் சொன்னவள் நான்தான்.