வடக்கே வைத்த தலைமாடு

கண்டி ஏரிக்கரை ஹோட்டலில் இருபது வருசமாக அறை ஒழுங்கு செய்தவர் மஹய்யாவ பகுதி அழகையா. 1932இல் ஒருநாள் கிளார்க் தாஸிம் அவரைக் கூப்பிட்டு, வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னார்.

"நாளைக்கு வாற கெழட்டு வெள்ளக்கார நோனாக்குக் கட்டில்ட தலமாடு வடக்க இரிக்கணுமாம். இல்லாட்டி அறை வேணாமாம்."

"வடக்கயா? ஆயுசு கொறைஞ்சிருமே, கிளாக்கரய்யா."

"செய்யாட்டி ஒன்ட வேல கொறஞ்சிரும்."

அழகையா கட்டிலைத் திருப்பினார், மனசுதான் திரும்பவில்லை. நோனா வந்து படுத்த மறுநாள் காலையில் தேத்தண்ணியும் ஜாம் தடவிய ரொட்டியுமாகப் போய், மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டினார். உள்ளே நோனா எழுந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஜாம் கேட்டாள். மூன்று நாளும் அப்படியே. நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் தாஸிமை விட்டு நோனாவிடம் காரணம் கேட்டார். பூமிக்குள் காந்தம் இருக்கிறதாம், வடக்கே தலை வைத்தால் அது உடம்பை நேராக்குமாம். நோனாவுக்கு வயது எழுபத்தொன்பது.

ஞாயிறு மத்தியானம் வீட்டில் அழகையா பாயை விரித்து, வடக்கே தலையணையைப் போட்டார். மனைவி ரத்தினம்மா அதைப் பிடுங்கி மறுமுனையில் எறிந்தாள்.

"அந்தம்மா செத்தா தொரைமாரு அழுவாங்க. நீங்க செத்தா நாந்தான் அழணும். தெக்க படுங்க."

அழகையா தெற்கே தலை வைத்துப் படுத்தார். காந்தம் காலைப் பிடித்து இழுக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தார்.