யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்

நாமக்கல்லிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக் கோழிப்பண்ணையில் வேலை. புருவமெல்லாம் தீவனத் தூசி. உட்கார்ந்ததும் போனை நீட்டினார். ரீல்ஸில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பாட்டுக்கு வாயசைத்தாள்.

“எம்புள்ள சாமி. போன வருசம் காய்ச்சல்ல போயிருச்சு. உங்க போன்லயும் ஒருக்கா பாருங்க சாமி.”

பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இதைத்தான் கேட்பாராம்.

“ஆரும் பாக்கலீன்னா இந்த வீடியோவ எடுத்துப்போடுவாங்கல்லங்க?”

“அப்படியெல்லாம் எடுக்கமாட்டாங்க” என்றேன்.

“முட்டையிடாத கோழிய எந்தப் பண்ணையில சாமி வச்சிருக்கறாங்க?”

என் போனிலும் தேடிப் பார்த்தேன். அவர் தலையாட்டிவிட்டு முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டினார்.

இப்போதெல்லாம் நான் தேடாமலே அந்தப் பெண் என் போனில் வந்து சிரிக்கிறாள். தள்ளிவிட விரல் எழுவதில்லை.