விசாலாட்சிக்கு நெய்த சேலை

என் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயா பிள்ளையா என்று டாக்டர் கேட்கிற நிலை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே என் மனைவி காசி விசாலாட்சியை வேண்டிக்கொண்டாள். "ரெண்டு உசுரையும் குடும்மா. என் கையால நெய்து, ஒருத்தர் மேலயும் படாத சேலையா கொண்டாந்து சாத்தறேன்." அம்மன் இரண்டையும் கொடுத்தாள்.

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியில்தான் நெய்தாள். அரக்கு உடல், சந்தனக் கரை. தினமும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் உட்காருவாள். பேரன் தவழ்ந்து வந்து கை நீட்டினால், "எட்டப் போடா, உன்னக் குடுத்தவ கட்டப்போற சேல" என்று விரட்டுவாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். சனங்கள் குடியிருப்பது அறுபடாமல் தொடரும் உலகத்துப் பழைய ஊர்களில் காசியும் ஒன்று என்று, சேலையோடு நாங்கள் காசிக்குப் போன ரயிலில் ஒருவர் சொன்னார். சந்துக்குள் நடந்தபோதுதான் அது மனசில் ஏறியது. கோயில் சுவரை ஒட்டியே ஒரு வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். நடுவில் பிணம் போகிறது, பின்னாலேயே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடிந்தால் நாங்கள் தறியைக் காலி செய்வதில்லை. பழைய பாவின் நுனியிலேயே புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்போம். இந்த ஊரையும் அம்மன் அப்படித்தான் பிணைத்துக்கொண்டே வருகிறாள் என்று கும்பிட்டேன்.

சன்னதி வாசலில் என் மனைவி சேலை மூட்டையைப் பிரித்தாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு பழக்கம். பட்டில் பிசிறு இருந்தால் விரலை ஏமாற்றும், கன்னத்தை ஏமாற்றாது. நெய்து முடித்த சேலையைக் கன்னத்தில் இழைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அவளும் அறியாமல் இழைத்துவிட்டாள். அப்படியே கை நின்றுபோனது.

"அய்யோ, மேல பட்டுடுச்சுங்க."

"யாரும் பாக்கல. குடுத்துடு."

"யாருக்குக் கொண்டாந்தோமோ அவ பாத்துகினுதானே இருக்கா? கொழந்தைக்கு எதனா ஆச்சின்னா?"

அர்ச்சகர் தமிழ் பேசுகிறவர். "பரவால்லம்மா, குடுங்க" என்றார். அவள் காதில் விழவில்லை. விறுவிறுவென்று படித்துறைக்கு இறங்கினாள்.

"வாணாம், சாயம் ஓடிடும்!"

"ஓடட்டுங்க."

புதுப் பட்டை நெய்தவளே தண்ணீரில் போட்டு நான் பார்த்ததில்லை. கங்கையில் முக்கி எடுத்தாள். அரக்கு கரைந்து தண்ணீரோடு போனது. பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

அர்ச்சகர் ஈரத்தோடே வாங்கிக்கொண்டார். தீபாராதனையில் பார்த்தோம். சந்தனக் கரை முழுக்க அரக்கு இறங்கித் திட்டுத் திட்டாக இருந்தது. ஒரு பிசிறுக்கே நாளெல்லாம் முகம் சுளிப்பவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அவளுக்கு நல்லா கீதுங்க."

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் போடச் சொன்னாள். அந்தப் பக்கம் பேரன் வீறிட்டு அழுகிற சத்தம். போனை வாங்கி, அதே கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.