நெவிலின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மண்வாரி

காரின் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டியை, அந்தக் கேரவனை, விற்க க்ளெனிஸுக்கு மனமில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கணவர் டெஸ் இறந்த பிறகு, மகன் கிரெய்க் ஊரிலேயே ஓர் ஆளைப் பிடித்து விலையும் பேசிவிட்டான். "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லிடும்மா, தனியா எப்படி இழுத்துட்டு அலைவே?" என்று, அவள் வந்து தங்கியிருந்த கேரவன் முகாமின் போனில் கெஞ்சினான்.

பள்ளிக்கூட கேண்டீனில் காலமெல்லாம் கறி அடைத்த மீட் பை விற்று, அடங்காத பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள் ஒரு ஸ்டியரிங்குக்குப் பயப்படுவாளா என்று நீங்கள் கேட்கலாம். அன்று முகாமில் கேரவனை ரிவர்ஸில் தள்ளி நிறுத்த அவள் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். புதிதாக ஒரு கேரவன் நுழைந்தால் போதும், முகாமே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையில் பீரோடு வேடிக்கை பார்க்கும். வண்டி மறுபடி மறுபடி கோணிக்கொண்டு மரத்தை இடிக்கப் போனது. பழைய சிநேகிதர் நெவில் ஓடிவந்தார். "இறங்கு தாயே, அந்த மரம் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சாவியை வாங்கிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். க்ளெனிஸும் சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

நெவிலும் அவர் மனைவி மார்லீனும் குளிர்காலம்தோறும் டெஸ்ஸோடும் க்ளெனிஸோடும் ஊர்க் குளிருக்குத் தப்பி, வெயில் காயும் வடக்கே வந்தவர்கள். தங்கமான மனிதர்தான். யாருக்காவது பாடம் எடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் கேரவன்களை முகாமில் விட்டுவிட்டு, வெறும் கார்களோடு மலையிடுக்குக்குக் கிளம்பினார்கள்.

"எங்க வண்டிலயே வந்துடேன்டீ" என்றாள் மார்லீன்.

"கடைசியா ஒருநாள் நானே ஓட்டிக்கிறேன்" என்றாள் க்ளெனிஸ்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் நெவில் இறங்கி வந்து அவள் டயர்களின் காற்றைக் குறைக்க உட்கார்ந்தார். மணலுக்கு அது கட்டாயம். டெஸ் காற்றை இறக்கும்போதெல்லாம் அளவு பார்த்துச் சொன்னவளே க்ளெனிஸ்தான். நெவில் விட்டால்தானே! "நல்லா பாத்துக்க. டயர் கொஞ்சம் தொப்பை போடணும். அப்பதான் மணல்ல மிதக்கும்." டயருக்கு ஒரு பாடமாக நடத்தி முடித்து, பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, "சரி, என் பின்னாலயே வா" என்று முன்னே போனார்.

வற்றிய ஆற்றின் நடுவில் அவர் வண்டி உறுமியது. அவர் இன்னும் அழுத்தினார். சக்கரங்கள் மணலை வாரி இறைத்தன, வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது.

கரையில் நின்றபடி க்ளெனிஸ் கத்தினாள். "நெவில், உன் டயர்ல காத்தை இறக்கினியா?"

நெவில் தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். மார்லீன்தான் கதவைத் திறந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊருக்கெல்லாம் வாத்தியாரு! சொந்த டயரை மறந்துட்டாருடீ!"

இனிக் காற்றை இறக்கினாலும் போதாது. யாராவது மணலில் அவரைச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய், அங்கிருந்து இழுக்க வேண்டும். நெவில் கையை நீட்டினார். "சாவியைக் குடு, நான் ஓட்டறேன்."

"நேத்து குடுத்தேன். இன்னிக்கு மாட்டேன்."

 சின்ன கியரில் வண்டியை மணலுக்குள் இறக்கினாள். வண்டி நெளிந்தது, பின்பக்கம் வழுக்கியது. நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போச்சு என்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தெரியும். எடுக்கவில்லை. அக்கரைக் கல்தரையைச் சக்கரம் தொட்டபோது, "டெஸ், பாத்தியா!" என்று தனியாகவே கத்தினாள்.

இழுவைப் பட்டையை மாட்டி இழுத்தாள். நெவிலின் வண்டி குலுங்கியதோடு சரி. தன் டயர்களின் காற்றை இறக்கிவிட்டு, மண்டி போட்டுச் சக்கரத்தடியில் மண்ணை வாரினார் நெவில். அடுத்த இழுப்பில் வண்டி துள்ளி வெளியே வந்தது. க்ளெனிஸ் ஹாரனை விடாமல் அடித்ததில் மரத்திலிருந்த வெள்ளைக் கிளிகள் மொத்தமும் திட்டிக்கொண்டே பறந்தன.

மலையிடுக்கில் தண்ணீர் எலும்பைக் கடித்தது. டெஸ் அந்தச் சிவந்த சுவர்களுக்கு நடுவே நீந்திப் போவார், க்ளெனிஸ் பாறையில் துண்டுகளோடு காத்திருப்பாள். இன்று துண்டை நெவில் கையில் கொடுத்துவிட்டு, மார்லீனோடு உள்ளே இறங்கினாள். கோடியில் இருந்த அருவி வரை நீந்தி, தலையை நேராக அதன் அடியில் கொடுத்தாள். இத்தனை வருஷம் இந்த மனுஷன் எனக்கு இதைச் சொல்லவே இல்லையே என்று டெஸ்மேல் கோபம்கூட வந்தது.

முகாமுக்குத் திரும்பியதும் நேரே போனுக்குப் போனாள். "கிரெய்க், கேரவன் விக்கறதுக்கில்ல. அந்தாளு கிட்ட சொல்லிடு. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தா வருவேன், இல்லன்னா இல்ல."

ஐந்து மணிக்கு எல்லோரும் அவரவர் நாற்காலியோடு கூடினார்கள். அன்று மணலில் மாட்டியவன் நாற்காலிக்குப் பின்னால் மண்வாரியை நட்டு வைப்பது அங்கே வழக்கம். நெவிலின் தலைக்கு மேல் அது கொடி மாதிரி நின்றது. முகாமே அவரைக் கிண்டலடித்து ஓய்ந்தபின், அவர் மெல்லக் கேட்டார்.

"நாளைக்கு எந்தப் பக்கம் போறதா உத்தேசம், க்ளெனிஸ்?"

"என் பின்னாலயே வா" என்றாள் அவள். "கிளம்பறதுக்கு முன்னால டயரைப் பாத்துக்க."