பதினோரு பேர் உகாண்டா

உகாண்டாவுக்காக என் மாமா கால்பந்து ஆடியிருக்கிறார் என்று சொன்னால் கல்லூரியில் எவனும் நம்புவதில்லை. நான் பொய் சொல்லவில்லை. அந்த அணியின் பனியன்களுக்குச் சாயம் போட மஞ்சள் இடித்தவனே நான்தான்.

அப்போது நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில், பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த உகாண்டாக்காரர் ஒருவர் குடியிருந்தார். அம்மாவுக்கு அவர் தம்பி. அம்மாவின் சொந்தத் தம்பியான என் மாமாவுக்கு அவர் மாப்ள. எங்கள் பேச்சை எங்களைப் போலவே பேசுவார். அவர் நாட்டில் நிலவரம் சரியில்லை, இப்போதைக்குத் திரும்ப முடியாது என்று அப்பா சொல்லியிருந்தார். மழை இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆப்பிரிக்க நாடுகளுக்கு இடையிலான கோப்பைப் போட்டி ஆப்பிரிக்காவில் நடந்தது. போய்ப் பார்க்க வழியில்லாத மாணவர்கள் இங்கேயே தங்களுக்குள் ஓர் ஆப்பிரிக்கக் கோப்பை நடத்தினார்கள். கானா, நைஜீரியா, சூடான் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. உகாண்டாவுக்கு எங்கள் மாடிக்காரர் ஒருவர்தான்.

"பதினோரு பேர் நிக்கலேன்னா எங்க நாட்டுப் பேரையே அடிச்சிருவாங்க மாப்ள" என்றார் மாமாவிடம். சோறு இறங்கவில்லை அவருக்கு.

"அம்புட்டுத்தானா? என்னையச் சேத்துப் பத்துப் பேரு. நாளைக்கே கூட்டியாரேன்."

மாமா சடுகுடு ஆட்டக்காரர். கூட்டி வந்தவர்களும் அப்படியே. மற்ற நாடுகளுக்கெல்லாம் கலர் சட்டை இருந்ததால், அம்மா பதினோரு வெள்ளைப் பனியன்களை மஞ்சள் கரைத்த அண்டாவில் முக்கி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பல்கலைக்கழக மைதானத்தில் கானாவோடு ஆட்டம். அம்மாவோடு ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பந்தோடு பாய்ந்து வந்த கானாக்காரரை மாமா காலைப் பிடித்துக் கவிழ்த்து மேலே உட்கார்ந்துவிட்டார்.

"யோவ் மாப்ள, அவரை விடு! பந்தைப் புடி!" என்று கத்தினார் மாடிக்காரர். மாமா எழுந்து பந்தைக் கையால் பிடித்தார். "ஐயையோ, அப்படி இல்லய்யா!"

ஐந்து கோல் வாங்கினோம். பிறகுதான் அது நடந்தது. வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்த மாமா கால் இடறி, எல்லைக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டில் நெடுக உருண்டார். எழுந்தபோது நெஞ்செல்லாம் ரத்தச் சிவப்பு.

"ஐயோ, என் தம்பி நெஞ்சு கிழிஞ்சுபோச்சே!" என்று அம்மா மைதானத்துக்குள் ஓடினாள். கானா உறைந்து நின்றது. நடுவர் விசிலை மறந்தார். அம்மா மாமாவின் நெஞ்சைத் தடவி, விரலைப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள்.

"அடச்சே, ஆலாத்திடா இது!"

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். வருஷம் முழுக்க ஆரத்தி கரைக்கிறவளுக்கு அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊரே சிரித்த அந்த நேரத்தில், கோல் காப்பவரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்க, மாடிக்காரர் பந்தை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் உள்ளே தட்டிவிட்டார்.

"அந்தக்கா உள்ள நிக்கையில எப்படி கோல் ஆகும்?" என்று கானா சண்டைக்கு வந்தது. விசில் ஊதவில்லையே என்று நடுவர் சிரித்தபடி கோல் கொடுத்தார். ஐந்துக்கு ஒன்று. மாமா மாடிக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் வரைக்கும் வந்தார்.

வாசலில் அம்மா நிஜ ஆரத்தியே கரைத்து வைத்திருந்தாள். வெளியூர் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்குச் சுற்றுவதுபோல் அவரை முதலில் நிறுத்திச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். அவர் தலையைக் குனிந்தவர் நிமிரவில்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

"என்னா மாப்ள, அஞ்சு கோலுக்கா அழுகுற?" என்றார் மாமா.

"கண்ணுல சுண்ணாம்பு பட்டிருச்சு மாப்ள."

சுண்ணாம்பு பட்டால் கண் போய்விடும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். உள்ளே ஓடிச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். "நல்லாக் கழுவுங்கண்ணே, திறந்து வச்சுக் கழுவுங்க" என்று பக்கத்திலேயே நின்றேன்.

அவர் எனக்காக இரண்டு கண்ணையும் நெடுநேரம் கழுவினார். போதவில்லை என்று இன்னொரு செம்பும் கொண்டுவந்து கொடுத்தேன்.