செம்பு உறைத் தோட்டா

என் செவலைக் காளையின் வயிற்றைக் கிழித்துக் கொன்ற பன்றி அது. அதை என் கையால் சுட வேண்டும், அதை ஊரே பார்க்க வேண்டும் என்று வெறிபிடித்து அலைந்தேன். முப்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

பன்றி கிடந்தது காரமடைக்கு மேற்கே, முள்ளுப் புதரில். நீளத் துப்பாக்கியைத் திருப்ப அங்கே இடமில்லை, கைத்துப்பாக்கிதான் சரி. என்னிடமும் என் மனைவியின் அண்ணனிடமும் ஒரே குழல் அளவில் ஆளுக்கொரு ரிவால்வர் இருந்தது. தோட்டா வாங்க இருவரும் கோயமுத்தூர் போனோம். கடைக்கார ராவுத்தர் இரண்டு வகை எடுத்து வைத்தார். வெறும் ஈயக்குண்டு உடம்புக்குள் நசுங்கி அங்கேயே தங்கிவிடுமாம். செம்பு உறை போட்டது ஆழமாகப் பாயும், சில சமயம் மறுபக்கம் வெளியே போய்விடுமாம். "பன்னிக்கு ஈயமே போதுங்க," என்றார். நானும் அதற்குத்தான் கை நீட்டினேன்.

மச்சான் தடுத்தார். "பெரும்பன்னிக்குத் தோள்ல தோலு கெட்டிங்க மாப்ள. ஈயம் மேலயே நசுங்கிப்போயிரும். உறை போட்டதையே எடுங்க." தனக்கும் அதையே வாங்கினார். பெண் கொடுத்த வீட்டு மனிதர், என் உயிருக்குப் பயந்து சொல்கிறார் என்று உருகிப்போனேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பன்றியை அறுக்கும்போது உள்ளே யார் குண்டு கிடக்கிறதோ, பன்றி அவருடையது. தலைக்கறியும் அவருக்கு, ஊர் தலையில் கட்டும் உருமாலும் அவருக்கு. ராவுத்தர் சொன்னதையும் இந்த வழக்கத்தையும் சேர்த்து யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை.

ஆட்கள் தப்பு மேளம் அடித்துப் புதரைக் கலைத்தார்கள். பன்றி நேரே என் மேல்தான் வந்தது. ஒதுங்கி, விலாவில் ஒன்று போட்டேன். கொஞ்ச தூரம் ஓடி விழுந்து அடங்கிவிட்டது. மச்சான் ஓடிப்போய்ப் பின்தொடையில் ஒன்று வைத்தார். "செத்ததை எதுக்குங்க சுடறீங்க?" என்றேன். "உசுரு கிசுரு இருந்தா எந்திருச்சிருமுங்க," என்றார்.

கோயில் திடலில் பொசுக்கி அறுத்தார்கள். என் குண்டு விலாவில் புகுந்து மறுபக்கம் போயிருந்தது. தொடையிலிருந்து நசுங்கிய குண்டை எடுத்து, கழுவி, ஊர்க்கவுண்டர் கையில் கொடுத்தார்கள். ஈயம்! என் கண்முன்னால் உறைத் தோட்டா வாங்கியவர், எனக்குத் தெரியாமல் ஈயத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பாவி மனுஷன்.

"விலாவுல போனது என்னோட குண்டுங்க," என்றேன்.

"வெளிய போனதுக்கு யாருங்க தம்பி சாட்சி?" என்றார் கவுண்டர்.

பக்கத்தில் இருந்தது மச்சான் ஒருவர்தான். அவரைப் பார்த்தேன். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, ரொம்பத் தன்மையாகச் சொன்னார்: "அதுவும் நான் போட்டதுதானுங்க. மாப்ளைக்குக் கை நடுங்கிப்போச்சு. தப்பில்லீங்க, பெரும்பன்னியல்லோ."

ஊர் சிரித்தது. உருமாலை அவர் தலையில் கட்டினார்கள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தலைக்கறியை அவர் தங்கைக்கென்று எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. சோறு போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள்.

"வருத்தப்படாதீங்க," என்றாள். "நீங்களும் ஒரு நாளைக்குச் சுடுவீங்க."