அறுநூறு வருட வீட்டுக் கொப்பியில் எழுதியது

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி பாதி நகரமே வீடு மாறும். தெருவெல்லாம் மெத்தையும் அலுமாரியுமாகக் கிடக்கும். எல்லாரும் ஏன் ஒரே நாளில் மாறுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் நானும் மகன் குடும்பத்தோடு ஒன்பது தரம் மாறிவிட்டேன். பிறந்த ஊரான இளவாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு மெற்றோ நிலையங்களின் பெயர்கள் பாடமானது அப்படித்தான்.

இந்த வைகாசியில் லண்டனில் இருக்கிற தங்கச்சி ராணியிடம் போனேன். புருசன் காலமானபிறகு அவள் தனிய. "என்னோடயே வந்து இருங்கோ அக்கா" என்று போனில் கேட்டபடியே இருந்தாள். ஒருவரிடமும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத நான், "பாப்பம்" என்று சொல்லிச் சொல்லியே அங்கே போய் இறங்கினேன்.

திரும்புவதற்கு முதல்நாள், நாட்டுப்புறத்தில் ஒரு பழைய பிரபு வீட்டைப் பார்க்கக் கூட்டிப்போனாள். அறுநூறு வருடத்துக்கு முன் கட்டினது. சுற்றிவர அகழி, புகை குடித்துக் கறுத்த உத்தரங்கள், ஒரு மாட்டை முழுதாக வாட்டக்கூடிய அடுப்பு. கட்டியவர்களின் சந்ததி இன்னும் மேல்மாடியில் குடியிருக்கிறதாம். அதைக் கேட்டதும் நான் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

"போடுங்கோ அக்கா. டிக்கெட் எடுத்து வந்த இடத்தில ஆரும் கழட்டுறதே?"

"ஆக்கள் இருக்கிற வீடெண்டெல்லே சொன்னனீ."

வீட்டைக் காட்டிய வெள்ளைக்கார அம்மா என் காலுறையைப் பார்த்து, எனக்குக் கால் நோகிறது என்று நினைத்துவிட்டார். ஒருவரும் உட்காரக்கூடாதென்று அங்கே ஒவ்வொரு கதிரையிலும் ஒரு காய்ந்த முள்ளுப்பூ வைத்திருந்தார்கள். அவர் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னை இருத்தினார். வேண்டாம் என்று சொல்ல இங்கிலிசும் வரவில்லை, துணிவும் வரவில்லை. இருந்தேன்.

ராணிக்குச் சிரிப்பு. "பாத்தியளே, சீமாட்டி மாதிரி இருக்கிறியள். அங்க பேரப்பிள்ளையள் பிரெஞ்சில கதைக்க நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டெல்லோ இருக்கிறனீங்கள்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னோடயே நில்லுங்கோவன் அக்கா" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் சின்னப் பேத்தி தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஒன்றும் பேசாமல் வந்து என் மடியருகில் தலையைச் சாய்ப்பாள், நான் பின்னிவிடுவேன். ராணியின் மேசையில் கிடக்கும் ஒற்றைக் கோப்பையும் என் கண்ணுக்குள் நின்றது.

வெளியே வரும் வழியில், வந்தவர்கள் பெயரும் ஊரும் எழுதுகிற கொப்பி இருந்தது. ராணி என்னிடம் பேனையைத் தந்தாள். பெயரைத் தமிழில் எழுதினேன். ஊர் எழுதும் இடத்தில் கை நின்றது. அவள் என் தோளோடு ஒட்டி நின்று பார்த்தாள். வாயால் சொல்ல முடியாததைக் கோடு விலகாமல் மெல்ல எழுதினேன்: மொன்றியல்.

ராணி வாசித்தாள். பேனையை வாங்கி, எனக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். முப்பது வருடமாக லண்டனில் இருக்கிறவள், ஊர் என்ற இடத்தில் இளவாலை என்று எழுதினாள்.